மேஜையில் ஏற்றாத நாய்

"அத்தை, பொத்தான் தூங்கும்போதுகூடத் தப்பு செய்யுமா?"

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி வீட்டுக் கூடத்தில் காபிக் கோப்பையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவிடம் அவளுடைய தம்பி மகள் கேட்ட கேள்வி இது. நண்டு என்று வீடே கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. நாற்காலிக்கு அடியில் பொத்தான் என்கிற பழுப்பு நிறப் பெட்டைக் குட்டி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னங்கால்களுக்கு நடுவிலிருந்து தரையில் ஒரு ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தூங்குதா? உன் நாய் சரியான கள்ளி. தூங்கற மாதிரி நடிக்குது" என்றாள்.

கூடமே சிரித்தது. குழந்தை மட்டும் சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா தம்பி மனைவியைப் பார்த்து இன்னும் ஒன்று சொன்னாள். "இடம் குடுத்தா இப்படித்தான். கண்டிப்பா வளர்க்கணும்மா. வீடே நாறுது பாரு."

நாய், பூனை வைத்தியத்தில் ஊரே கொண்டாடும் கை அவளுடையது. அவள் சொன்னால் சொன்னதுதான். அன்று மாலையே பொத்தானுக்குக் கூடம் போயிற்று. அடுத்த மாதம் சமையலறை வாசல் போயிற்று. மழைக்காலம் வந்தபோது அது கொல்லைப்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிக் கிடந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் நேற்றுத்தான் கிடைத்தது.

போன வார அத்தியாயத்தின் முடிவில் நாம் டாக்டரம்மாவைக் கையில் ஊசியோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். நேற்று மாலை தம்பி பொத்தானைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு அவளுடைய மருத்துவமனைக்கு வந்தான். "ஊசி போட்டு அனுப்பிடுக்கா. இதுக்கு மேல முடியலை" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அவளும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதலில் மயக்க மருந்தைச் செலுத்தினாள். நாய் உணர்வில்லாமல் சாய்ந்தது. கடைசி ஊசியைக் கையில் எடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்டு. சொட்டு.

இரும்பு மேஜைமேல் நீர் விழுந்துகொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்க, காதைக் கிள்ளினாலும் தெரியாத நிலையில் கிடந்தது நாய். நடிக்கிற நாய் மயக்க மருந்திலுமா நடிக்கும்?

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்தாள். இப்போது குனிந்து பார்த்தாள்.

அந்த மேஜையில் பொத்தான் ஏறியது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டு நாயாக இருந்திருந்தால், எப்போதிலிருந்து என்று கேட்டிருப்பாள். தூக்கத்திலும் நனைக்கிறதா என்று கேட்டிருப்பாள். வயிற்றை அழுத்திப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். இது தம்பி வீட்டு நாய். தடுப்பூசிகூட அரட்டைக்கு நடுவில், காபி ஆறுவதற்குள், கூடத்துத் தரையிலேயே போட்டாயிற்று. சொந்தக்காரர்களுக்குச் செய்வதெல்லாம் சலுகை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தச் சலுகையில் ஓர் உயிர் ஒரு வருஷம் நனைந்து கிடந்திருக்கிறது.

*

இன்று காலை முதல் வேலையாக நாயின் நரம்பில் சாய மருந்தைச் செலுத்தி, கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு எக்ஸ்ரே படங்கள் எடுத்தாள். சாயம் சிறுநீரகங்களில் வெள்ளையாகத் தேங்கிப் பின் கீழே இறங்கியது. வலப்பக்கக் குழாய் ஒழுங்காக வந்து சிறுநீர்ப்பையில் சேர்ந்தது. இடப்பக்கக் குழாய் கொஞ்சம் பருத்திருந்தது. அது பையை உரசிக்கொண்டே தாண்டிப் போய், பையின் வாய்க்கும் கீழே எங்கோ திறந்தது.

பிறவிக் கோளாறு. அபூர்வம்தான். ஆனால் தேடினால் கிடைக்கும். தேடத்தான் இல்லை.

"மேடம் கண்ணுக்கு எதுவும் தப்பாது!" என்றாள் உதவியாளர். இந்த அம்மாளுக்கு மருத்துவமனையில் ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான் மூடுவாள். அடுத்த நிமிஷமே ஒலிபரப்பு காத்திருப்போர் அறைக்குப் போய்விட்டது.

"சாகறதுக்குக் கொண்டுவந்த நாய்ங்க! பாதி ஊசி போட்டாச்சு. சட்டுனு நிறுத்திட்டாங்களே எங்க டாக்டர்! போன மாசம் ஒரு பூனை, தலை ஒரு பக்கமா சாஞ்சே போச்சு. மூளையில கட்டின்னு நாலு பேரு கைவிட்டுட்டாங்க. இவங்க காதுக்குள்ள பார்த்து, இத்துனூண்டு சதையைப் பிடிச்சு இழுத்தாங்க பாருங்க, இப்ப அது எலி பிடிக்குது!"

மடியில் பூனைக் கூடையோடு இருந்த பெரியவர், "கைராசி" என்றார்.

"ரேடியோ, சத்தத்தைக் குறை" என்று உள்ளிருந்து டாக்டரம்மா சொன்னாள். குரல் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது. ஒவ்வொரு பாராட்டும் முகத்தில் விழுந்த அறை போல இருந்தது அவளுக்கு.

தம்பிக்குப் போன் செய்து, "வா" என்று மட்டும் சொன்னாள்.

*

தம்பி குழாய் வேலை பார்ப்பவன். புதுக் கட்டடங்களில் குளியலறைகளுக்கு லைன் இழுப்பான். விரல்களில் குழாய் ஒட்டும் பசை காய்ந்திருக்க, வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"முடிஞ்சுதாக்கா? நான்… எடுத்துட்டுப் போகணுமா?"

"உள்ள வா."

கூண்டுக்குள் பொத்தான் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றது. வால் கூண்டுக் கம்பியில் பட்டுப் பட்டென்று அடித்தது. தன்னை எங்கே, எதற்குக் கொண்டுவந்து விட்டான் என்று அதற்குத் தெரியாது அல்லவா? பழைய எஜமானைப் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் தெரியும்.

தம்பி பக்கத்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"உயிரோடயா இருக்கு?"

"வீட்ல என்னடா சொன்னே?"

அவன் தலை குனிந்தான். "தோட்டம் வெச்சிருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட விட்டுட்டேன்னு."

"நண்டு என்ன சொன்னா?"

"தோட்டத்துல குளிருமே, அதோட போர்வையைக் குடுத்தீங்களாப்பான்னு கேட்டா. குடுத்தேன்னேன்." விரலில் காய்ந்த பசையை உரித்தான். "போர்வை வண்டியிலதான் கெடக்கு. எடுத்து வெளிய போடக்கூட மனசு வரலை."

டாக்டரம்மா அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை? படத்தை விளக்குப் பலகையில் மாட்டினாள்.

"இது தொட்டின்னு வெச்சுக்கோ. இது வலது லைன். தொட்டிக்குள்ள வந்து விழுது. இப்ப இடது லைனைப் பாரு."

பசை ஒட்டிய விரல் வெள்ளைக் கோட்டின்மேல் நகர்ந்தது. பையின் ஓரமாக இறங்கி, வாயைத் தாண்டி, கீழே போய் நின்றது. அங்கேயே நின்றுவிட்டது.

"இது வால்வுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருதேக்கா!"

"ஆமா."

"அப்ப டாப்பு மேல தப்பில்லை. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கும்." அவன் படத்திலிருந்து விரலை எடுத்தான். "லைன் தப்பா இருக்கற வீட்ல, டாப்பைப் போட்டு அடிச்சிருக்கேன்க்கா நான். நானே. இந்த வேலை பாக்கறவன்."

"நீ எப்படிடா நாய் வயித்துக்குள்ள பார்ப்பே?"

*நான்தான் பார்த்திருக்கணும்.* இந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"சரி பண்ண முடியுமா?"

"அந்தக் குழாய்க்குப் பையில புதுசா ஒரு வாசல் வெக்கலாம். ஆனா ஒண்ணு, எல்லாம் சரியா செஞ்சாலும் சில நாய்ங்களுக்கு வால்வுலயே பலம் இருக்காது. கொஞ்சம் கசியும். அதுக்கு அப்புறம் மாத்திரை இருக்கு. முழுசா நின்னுடும்னு இப்ப என்னால சத்தியம் பண்ண முடியாது."

"செஞ்சிடுக்கா."

"மொதல்ல உன் பொண்டாட்டிக்குச் சொல்லு. அவளுக்குத் தெரியாம இந்த நாய்மேல நான் கத்தி வெக்க மாட்டேன்."

தம்பி போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனான்.

*

தம்பி மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கடையின் வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள். புருஷன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராகக் கூண்டுக்குப் போய்க் கம்பிக்குள் விரல்களை விட்டாள். நாய் நக்கியது. அப்புறம் திரும்பி டாக்டரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க இல்லேன்னா இந்நேரம்… அண்ணி, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"இல்லண்ணி. கண்டிப்பா வளர்க்கணும்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. எனக்குத்தான் வளர்க்கத் துப்பில்லைன்னு நெனச்சு நெனச்சு… எங்க வீட்டுக்கு யாரும் வரவே வேணாம்னு இருந்தேன், வாசனைக்குப் பயந்து." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வியாதின்னு தெரிஞ்சதே போதும். நீங்க எங்களுக்குக் கிடைச்சது பெரிய பாக்கியம்."

தம்பியும் தலையாட்டினான். வாசலில் ரேடியோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லிவிடலாம். தப்பு உன்மேல இல்லம்மா, என்மேல என்று நாலு வார்த்தை. ஆனால் பாக்கியம் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"மேடம், தியேட்டர் ரெடி" என்றாள் ரேடியோ.

அவள் கிட்டத்தட்ட ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். நல்ல காரியம் ஒன்றின் பின்னால் போய் ஒளிந்துகொள்வதைப் போல வசதியான மறைவிடம் மனிதனுக்கு வேறு இல்லை.

*

கத்தியைத் தொடுமுன் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பது டாக்டரம்மாவின் வழக்கம். "என் கையைப் பிடிச்சுக்கோ" என்று ஆண்டவனிடம் கேட்பாள். அவ்வளவுதான் அவளுடைய பிரார்த்தனை.

இன்று கண்ணை மூடினாள். கேட்க வாய் வரவில்லை. கண்ணைத் திறந்து, பச்சைத் துணிக்கு நடுவில் சவரம் செய்து கிடந்த அந்தச் சின்ன வயிற்றைப் பார்த்தாள். பின்னங்கால்களின் உள்பக்கம் முழுவதும் தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. ஈரத்திலேயே கிடந்த தோல். அதன்மேல் யாரோ தினமும் களிம்பு தடவி வந்திருக்கிறார்கள்.

"நீ என் கையைப் பொறுத்துக்கோ" என்றாள் நாயிடம்.

வயிற்றைத் திறந்து, பையை வெளியே எடுத்து, ஈரத் துணியால் சுற்றிலும் அணை கட்டினாள். பையின் சுவரை வெட்டிப் பிரித்தாள். உள்ளே வலது வாசல் மட்டும்தான் இருந்தது, ஒரு கடுகு அளவில். இடது பக்கம் வெறும் சுவர். குழாய் அந்தச் சுவருக்குள்ளேயே புதைந்து ஒரு மெல்லிய மேடாகக் கீழே ஓடியது. விரல் நுனியால் தடவினால்தான் தெரிந்தது.

மேட்டின்மேல் சின்னதாக ஒரு கீறல். பொட்டென்று ஒரு துளி நீர் எட்டிப் பார்த்தது. இத்தனை நாள் வழி தவறிப் போன நீர் முதல் தடவையாகப் பைக்குள் விழுந்தது.

"வந்துடுச்சு மேடம்" என்று ரேடியோ கிசுகிசுத்தாள். அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

மயிரிழை போன்ற நூலால் அந்தக் கீறலின் விளிம்பைப் பையின் உள்தோலோடு சுற்றிச் சுற்றித் தைத்தாள். கீழே போகும் பழைய வழியைக் கட்டி அடைத்தாள். இடது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருந்தாலும் நிறம் நன்றாக இருந்தது, எடுக்க வேண்டியதில்லை. நீர் வடிய மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்தி, வயிற்றை மூடித் தையல் போட்டாள்.

கை ஒருமுறைகூட நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கை இவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்றை ஒரு வருஷம் முன்னால் செய்திருக்கலாம்.

*

வெளியே வந்தபோது தம்பி மனைவி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு போர்வை. நீலக் கட்டம் போட்டது, கட்டமே தெரியாத அளவுக்கு வெளுத்தது. வண்டியிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். வாசனை அறை முழுக்க வந்தது.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றாள் டாக்டரம்மா. "ரப்பர் குழாயை எடுக்க ரெண்டு மூணு நாள் ஆகும். எடுத்த பிறகு, தூங்கும்போது கீழ ஈரமா இருக்கா இல்லையான்னு பார்த்தாத்தான் மிச்சம் தெரியும்."

பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கையுறையின் மாவு இன்னும் விரல்களில் இருந்தது.

"உனக்கு வளர்க்கத் துப்பில்லைன்னு நெனக்க வெச்சது நான்தான்."

"அண்ணி?"

"அன்னைக்கு நண்டு சரியாத்தான் கேட்டா. தூங்கும்போது எப்படித் தப்பு செய்யும்னு. ஒரு டாக்டருக்கு அந்த ஒரு கேள்வி போதும்மா. நான் குனிஞ்சுகூடப் பார்க்கலை. நடிக்குதுன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சேன். அப்பவே மேஜையில ஏத்தியிருந்தா இதை அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். நான் காப்பாத்தலை. என்னாலதான் அது இங்க வந்துச்சு, அந்த ஊசிக்கு."

தம்பி மனைவி போர்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"நான் உங்களுக்குப் போன் பண்ணேன் அண்ணி."

"தெரியும்."

"மொதல் தடவை, இன்னும் கண்டிப்பா இருன்னீங்க. அடுத்த தடவை, ஆபரேஷன்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்னீங்க. அதுக்கப்புறம் கூச்சமாப் போச்சு. ஒரு நாய்க்காக எத்தனை தடவை தொந்தரவு பண்றதுன்னு."

டாக்டரம்மா தரையைப் பார்த்தாள்.

"தினம் காலையில எழுந்ததும் இந்தப் போர்வையைத்தான் துவைப்பேன். வேலைக்குக் கிளம்பற அவசரத்துல, பச்சைத் தண்ணியில. துவைக்கும்போதெல்லாம் உங்களைத்தான் நெனச்சுப்பேன்." சற்று நிறுத்தினாள். "நல்லபடியா இல்ல."

டாக்டரம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து பாதியில் அழுகையாகத் திரும்பியது. தம்பி மனைவிக்கும் அப்படியே.

"நானும் ஒரு நாள் அடிச்சேன் அண்ணி. தொடப்பத்தால. திரும்பி என்னைப் பார்த்து வாலை ஆட்டிச்சு. அன்னைக்குப் பூரா சோறு எறங்கலை. அன்னைக்கிலேருந்துதான் களிம்பு தடவ ஆரம்பிச்சேன்."

மன்னித்தேன் என்று அவளும் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று இவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சில சமயம் அதுவே பெரிய காரியம்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம். தம்பி வண்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"நண்டுவைக் கூட்டிட்டுப் போறேன். வழியில சொல்லிடறேன்க்கா."

"என்ன சொல்லுவே?" என்று கேட்டது, எழுந்து வாசலுக்கு வந்த அவன் மனைவி. "பொத்தானுக்கு ஆபரேஷன் ஆச்சுன்னா? இல்ல, நேத்து எங்க கூட்டிட்டுப் போனீங்கன்னா?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான்.

"அவ கேப்பாங்க" என்றாள் அவள் வண்டியில் ஏறிக்கொண்டே. "உங்க பொண்ணு கேக்காம விட மாட்டா."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

*

ரேடியோ தேநீர் குடிக்கப் போயிருந்தாள். கடைசியாக வந்த பூனைக் கூடையும் வீடு திரும்பியாயிற்று. கூண்டில் பொத்தான் மூச்சு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் குழாயின் முனையில் இருந்த பையில் தெளிந்த நீர் சேர்ந்துகொண்டிருந்தது.

போர்வை பெஞ்சிலேயே கிடந்தது.

மருத்துவமனையில் துவைக்கும் இயந்திரம் உண்டு. டாக்டரம்மா அதைத் தாண்டி, பின்பக்கத் தொட்டிக்குப் போனாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போர்வையைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். பச்சைத் தண்ணீர். விரல் எலும்பு வரை குளிர்ந்தது. வீடே நாறுது என்று தான் ஒரு நாள் மூக்கைச் சுளித்த அந்த வாசனை குப்பென்று எழுந்து முகத்தில் அடித்தது. இன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சோப்புப் போட்டுக் கசக்கினாள். அலசினாள். தண்ணீர் கலங்கலாக ஓடியது. மறுபடியும் சோப்புப் போட்டாள். காலை அவசரத்தில் இதை ஒருத்தி எப்படிப் பிழிந்திருப்பாள் என்று ஒரு முனையை முறுக்கிப் பார்த்தாள்; மணிக்கட்டு வலித்தது. வலிக்கட்டும் என்று மறுமுனையையும் முறுக்கினாள். தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் விடவில்லை.

மொட்டை மாடிக் கொடியில் அதை விரித்துப் போட்டபோது சாய்வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காய்ந்ததும் எடுத்து மடித்து, யாரும் பார்ப்பதற்கு முன் கூண்டுக்குள் நாயின் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். இயந்திரத்தில் போட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

நினைத்துக்கொள்ளட்டும்.

போர்வையின் ஒரு மூலையில் வெளிறிப்போன ஒரு நீலக் கட்டம் வெயிலில் தெரிந்தது. டாக்டரம்மா சுருக்கத்தை நீவிவிட்டு, நனைந்த கையோடு படியிறங்கினாள்.